ஜெயசுந்தரி சரி என்றாள்

மனைவி "சரி" என்று சொன்ன அன்று எட்வர்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அவள் அதைப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி, சாம்பார் விடுவதற்கு நடுவில் சொன்னாள்.

"ஏங்க, நீங்க ஆசைப்பட்ட பைக்கை வாங்கிருங்க. எனக்குச் சரிதான்."

எட்வர்டின் கையிலிருந்த இட்லித் துண்டு தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

"என்ன ஜெயா சொன்னே?"

"பைக் வாங்குங்கன்னேன்."

"எந்த பைக்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு சொல்லுவியள்லா. ஒண்ணு லேசு, ஒண்ணு கனம். அதுல ஒண்ணு."

"திடீர்னு கைக்கு?"

"பின்ன, மனுசன் ஆசையை எத்தனை நாளைக்கு அடக்கி வைப்பிய?"

இட்லி சாம்பாருக்குள் விழுந்தது.

எட்வர்டின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. அதனால் அவர் தமிழில் 'ஏன்' என்பதற்குப் பதில் 'கைக்கு' வரும். 'வேண்டாம்' என்பதற்குப் பதில் 'நக்கோ' வரும். 'ஆமாம்' என்பதற்குப் பதில் 'ஹவ்' வரும். ஜெயசுந்தரி பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகிச் செகந்திராபாத்தின் திருமுல்கேரிக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் அவள் பேச்சு பாளையங்கோட்டையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பேச்சு எந்த ஊராக இருந்தாலும், அன்றுவரை பைக் விஷயத்தில் அவள் சொன்னது ஒரே சொல்தான். "ம்" என்பாள். அந்த "ம்"மைத்தான் எட்வர்ட் "மாட்டேன்" என்று எடுத்துக்கொண்டு, அதன் நிழலில் ஆறு வருடமாகச் சுகமாக இருந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எட்வர்டுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பயம்.

கொஞ்சநஞ்சப் பயமல்ல. கல்லூரியில் படிக்கும்போது நண்பனின் மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு முறை ஏறினார். "கிளட்சை மெதுவாக விடு" என்று நண்பன் சொல்லி முடிப்பதற்குள் விட்டுவிட்டார். வண்டி ஒரு தையல் கடைக்குள் போய் நின்றது. தையல்காரர் இடத்தை விட்டு அசையவில்லை. என்ன தைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அன்று முதல் கிளட்ச் என்ற சொல் காதில் விழுந்தாலே எட்வர்ட் பேச்சை மாற்றிவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஹைடெக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவர்தான் போக்குவரத்து மேனேஜர். கம்பெனியின் பஸ்களும் கார்களும் அவர் சொன்னால் ஓடும், சொன்னால் நிற்கும். அவர் எதையும் ஓட்டியதில்லை. அந்த நாளில் கம்பெனியில் சம்பளம் கூடக் கூடப் பையன்கள் பெரிய பெரிய பைக்காக வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகக் கிளம்பி, கரீம்நகர் ரோட்டில் வெகுதூரம் போய், தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் சேலத்துப் பையன் தமிழ்ச்செல்வன்.

"சார், நீங்க ஏன் சார் வர மாட்டேங்கறீங்க?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

மற்றொருவராக இருந்தால் 'எனக்குப் பயம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பார். எட்வர்ட் பெருமூச்சு விட்டார்.

"எனக்கென்னப்பா, காலேஜ்ல நான் ஓட்டாத வண்டியா? வீட்டுல விடணுமே!"

இது நன்றாக வேலை செய்தது. ஆகவே அடுத்த முறை கொஞ்சம் சேர்த்தார். கல்யாணத்தன்றே பைபிள்மேல் கைவைக்கச் சொல்லி ஜெயசுந்தரி சத்தியம் வாங்கிவிட்டாள் என்றார். அதற்கடுத்த முறை, அவர் ஒரு பைக்கை ஏறிட்டுப் பார்த்ததற்கே அவள் இரண்டு நாள் சமைக்கவில்லை என்றார். பையன்கள் "அச்சச்சோ" என்றார்கள். சாயங்காலம் காபி வாங்கிக் கொடுத்தார்கள். வாழ்க்கை இப்படி இனிதாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த சாம்பார்க் கரண்டி குறுக்கே வந்தது.

காய்ச்சல் விட்டதும் எட்வர்டுக்குப் புத்தி தெளிந்தது. 'வாங்கு' என்றுதானே சொன்னாள்? எதை வாங்குவது என்று முடிவானால்தானே வாங்க முடியும்? முடிவாகாவிட்டால்?

எட்வர்டின் வீட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. அவர்கள் ஃபிரிட்ஜின் கதவு மூடாது. மூடுவதற்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தோசை மாவு எடுக்க வேண்டுமென்றால் முதலில் நாற்காலியை எடுக்க வேண்டும். புதிதாக வாங்கும் ஃபிரிட்ஜுக்கு ஒரு கதவா, இரண்டு கதவா என்று எட்வர்ட் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார். யோசிப்பவரை யாராவது குறை சொல்ல முடியுமா?

அப்படியே பைக்கையும் யோசிக்கத் தொடங்கினார்.

ஒன்று குரூஸர். தாழ்ந்த இருக்கை, நீண்ட கைப்பிடி. சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம். லேசான வண்டி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே கிடைக்கிற சந்தில் மீன்போல நுழைந்து போகும். மற்றொன்று டூரிங் பைக். பெரிய டேங்க், கனத்த உடம்பு. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் அலுக்காது. காற்றுக்கும் லாரிக்கும் ஆடாது. இரண்டுமே நல்ல வண்டிகள். எட்வர்டின் பார்வையில் மட்டும் வேறு மாதிரி தெரிந்தன. குரூஸரைப் பார்த்தால், தொட்டவுடன் ஓடிவிடும் என்று பயம். டூரிங் பைக்கைப் பார்த்தால், விட்டவுடன் மேலே விழுந்துவிடும் என்று பயம்.

திங்கட்கிழமை, "குரூஸர்தான் ஜெயா. நம்ம ஊரு டிராஃபிக்குக்கு லேசான வண்டிதான் தோது" என்பார்.

"சரிங்க. நாளைக்கே வாங்கிருவோம்."

செவ்வாய்க்கிழமை, "ஆனா ஒண்ணு யோசிச்சியா? நாம ரெண்டு பேரும் தூரமாப் போனா உனக்கு முதுகு வலிக்கும். டூரிங் பைக்ல பின்சீட்டு மெத்தை மாதிரி."

"அப்ப அதையே வாங்குங்க."

புதன்கிழமை, "ஹவ், வாங்கலாம்தான். நிறுத்துற இடத்துல அதை நகர்த்தணுமே! உன்னால ஒரு கை பிடிக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"பாத்தியா!"

இப்படி மூன்று மாதம் ஓடியது. அதற்குள் எட்வர்ட் பெரிய நிபுணராகிவிட்டார். பைக் வாங்கப்போகிற பையன்கள் எல்லாம் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள். அவர் யோசனைப்படி பலர் வாங்கி ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஏற்பாடு என்று ஒன்று தெரிய வேண்டுமே என்பதற்காக எட்வர்ட் முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட், கறுப்பு ஜாக்கெட், முழங்காலுக்குக் கவசம் எல்லாம் வாங்கி, பையன்களுக்கும் காட்டி வைத்தார். மாலையில் அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஜெயசுந்தரி பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டாள். வந்ததும், மாடிவீட்டு ஷெர்லியோடு மைதானத்துக்கு நடக்கப் போயிருந்தேன் என்பாள். ஷெர்லி, எட்வர்டின் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவள். நடப்பது உடம்புக்கு நல்லதுதானே என்று எட்வர்ட் விட்டுவிட்டார். அவருக்கு யோசிக்க அமைதியும் கிடைத்தது.

அந்த அமைதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் உடைத்தார்.

அவர்கள் போகும் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாளோ, பிள்ளைக்கு வேலையோ, புது வீடோ, எந்த நன்மை நடந்தாலும் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். யார், எதற்காகப் போட்டார்கள் என்று பாஸ்டர் சபை நடுவே வாசிப்பார். அன்று அவர் இரண்டு பிறந்த நாளையும் ஒரு திருமண நாளையும் வாசித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"புதிய வாகனம் வாங்கக் கர்த்தர் பாராட்டிய கிருபைக்காக, எட்வர்ட் ஜெயசுந்தரி குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்."

எட்வர்ட் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயா! வாங்கவே இல்லையே!"

"மெதுவாப் பேசுங்க. ஆராதனை நடக்கு."

"வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்தோத்திரமா?"

"விசுவாசம்னா அதுதானே."

வெளியே வந்ததும் சபையே அவரைச் சூழ்ந்துகொண்டது. பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடும் மேத்யூ முதலில் கையைப் பிடித்தார்.

"ஹவ் பா எட்வர்ட், பெரிய வண்டியாத்தானே எடுத்தே? நம்ம உடம்புக்குச் சின்ன வண்டி நக்கோ!"

"இன்னும் யோசிச்சுட்டு..."

"அடுத்த ஞாயிறு கொண்டாங்க," என்றார் பாஸ்டர், சந்தோஷமாக. "ஆராதனை முடிஞ்சதும் வண்டிக்கு முன்னால நின்னு ஜெபம் பண்ணிடுவோம்."

இனி யோசிக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரத்தில் எட்வர்ட் மெலிந்துபோனார். கனவில் டூரிங் பைக் அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, "கிளட்சை விடு" என்றது. ஆனால் சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது அவருக்கு ஓர் அருமையான திட்டம் உதித்தது.

ஷோரூமுக்குப் போக வேண்டியது. டூரிங் பைக்கைக் கேட்க வேண்டியது. ஜெயசுந்தரியைப் பின்னால் உட்காரவைத்து, ஷோரூமின் பின்முற்றத்தில் நாலடி ஓட்டி, வண்டியை இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு ஆட்ட வேண்டியது. அவள் ஒரே ஒரு "ஐயோ" சொன்னால் போதும். "நீ பயப்படற வண்டி எனக்கு எதுக்கு ஜெயா?" என்று தியாகியைப்போல இறங்கிவிடலாம். அவள் "வேண்டாம்" ஆயுளுக்கும் திரும்பக் கிடைத்துவிடும். சபைக்கும் சொல்லலாம், ஆபீஸுக்கும் சொல்லலாம்.

பக்கத்துப் பேட்டையான கார்கானாவில் வரிசையாக ஷோரூம்கள். எட்வர்ட் முழங்காலுக்குக் கவசம் கட்டிக்கொண்டு போனார். ராகவேந்திரா என்ற விற்பனையாளர் பின்முற்றத்துக்கு டூரிங் பைக்கைத் தள்ளி வந்து, ஸ்டார்ட் செய்து கொடுத்தார். அது 'டப் டப் டப்' என்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்வர்டின் பல்லும் அதிர்ந்தது. அதற்கு வண்டி மட்டும் காரணமில்லை.

"சத்தத்தைப் பாத்தியா ஜெயா? பயமா இல்ல?"

"இல்லையே. அரவை மில்லு மாதிரி நல்லா இருக்கு."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எட்வர்ட் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். கிளட்சை விட்டார். வண்டி ஒரு முட்டு முட்டி அணைந்தது.

"ஆ! பயந்துட்டியா?"

"இல்லங்க. ஏன் நின்னுட்டு?"

ராகவேந்திரா மறுபடி ஸ்டார்ட் செய்து கொடுத்தார். இந்த முறை வண்டி நகர்ந்தது. எட்வர்ட் ஆட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கைப்பிடி தானாகவே ஆடியது. முற்றத்தின் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் பளபளவென்று புது வண்டிகள். வண்டி தொட்டியைப் பார்த்தது, புது வண்டிகளைப் பார்த்தது, எதில் போய் விழலாம் என்று எட்வர்டைப்போலவே யோசித்தது.

"இப்ப பயமா இருக்கா ஜெயா?" என்று அவர் கத்தினார்.

"இல்லங்க! தொட்டில்ல ஆட்டுத மாதிரி இருக்கு! இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க!"

வண்டி தொட்டியைத் தேர்ந்தெடுத்தது.

"ஐயோ! யேசுவே! பிடிங்க! யாராவது பிடிங்க!"

அந்த "ஐயோ" ஜெயசுந்தரியுடையது அல்ல. வண்டி தொட்டிப் பக்கம் திரும்பியதுமே அவள் லாகவமாக இறங்கி நின்றிருந்தாள். தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி அணைந்து மெல்லச் சாயத் தொடங்க, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் ராகவேந்திராவும் பிடித்து நிமிர்த்தினார்கள். எட்வர்ட் மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"இறங்குங்க," என்றாள் ஜெயசுந்தரி.

"நின்னுடுச்சா?"

"நின்னுட்டு. கையை எடுங்க. அது ஓடாது."

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு?"

எட்வர்டுக்குத் தண்ணீர் புரை ஏறியது.

"பேரா? ஜெயசுந்தரிதான்."

"ஹேண்ட் பிரேக்."

"யாரு சொன்னா?"

"ஷெர்லி. 'அக்கா, சாரைப் பட்டினி போடுத ஹேண்ட் பிரேக் நீங்கதானா'ன்னு கேட்டா. நான் எப்பங்க உங்களைப் பைபிள்ல சத்தியம் பண்ணச் சொன்னேன்? என்னைக்குங்க ரெண்டு நாள் சமைக்காம இருந்தேன்?"

எட்வர்ட் தன் முழங்கால் கவசத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"எப்ப சொன்னா?"

"மூணு மாசம் ஆச்சு. அன்னைக்குச் சாயங்காலம்தான் சாம்பார் வச்சேன்."

எட்வர்டுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் முன்பைவிட அதிகமாகப் பயம் வந்தது. நாளைக்குப் பாஸ்டர் ஜெபம் செய்யக் காத்திருப்பார். திங்கட்கிழமை தமிழ்ச்செல்வன் கேட்பான். அவன் முன்னால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? ஆறு வருட வீரம் ஒரு தண்ணீர்த் தொட்டியோடு போயிற்றே!

"ஜெயா, நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். நீதான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும்."

"சொல்லலாம்." அவள் சேலை நுனியால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "ஆனா ஆறு வருஷமா நீங்க என்கிட்ட கேக்காம, ஓசியில எடுத்துக்கிட்டிய. இனிமே நான் சும்மா சொல்ல மாட்டேன்."

"என்ன வேணும்?"

"எதுத்த கடையில ஸ்கூட்டர் நிக்கு. சிவப்பு. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது."

கிளட்ச் கிடையாது என்றதும் எட்வர்டின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. உடனே வாடியது.

"உனக்கா? மௌலா அலி ரோடு பூரா லாரி. நக்கோ ஜெயா!"

மௌலா அலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, மிச்சம் நடை. ஸ்கூட்டர் வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் எட்வர்ட் இந்த லாரிகளைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஷெர்லி ஸ்கூட்டர்ல மைதானத்துல கத்துக்கிட்டேன். லைசென்ஸும் எடுத்துட்டேன். நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள ரயிலே ஓட்டப் படிச்சிருக்கலாம்." அவள் எழுந்தாள். "காணிக்கையில பைக்னா எழுதினேன்? வாகனம்னுதானே எழுதினேன். வாங்க. இதுதான் முதல் 'மாட்டேன்'னோட விலை."

"முதல்னா? இன்னும் இருக்கா?"

"உங்க ஆபீஸ் பையங்க இன்னும் கேக்கத்தானே செய்வாவ."

மறுநாள் காலை, சபைக்குப் போகும் வழியில், லால் பஜார் சிக்னலில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நின்றது. முன்னால் ஜெயசுந்தரி. பின்னால், வாங்கி வைத்தது வீணாகக் கூடாதென்று, கறுப்பு ஜாக்கெட்டும் முழங்கால் கவசமும் முகம் மறைக்கும் ஹெல்மெட்டும் அணிந்த எட்வர்ட். ஒரு கையால் பின்கம்பியையும் மறு கையால் அவள் தோள்பையையும் பிடித்திருந்தார். வீட்டிலிருந்து அதுவரை அவர் நாலு முறைதான் "மெதுவா" என்றிருந்தார். கொஞ்சம் தைரியம் வருவதுபோலக்கூட இருந்தது.

அப்போது பின்னால் 'டப் டப் டப்' என்று சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு வண்டி. கரீம்நகர் ரோட்டுக்குத் தோசை சாப்பிடப் போகிற கூட்டம். முன்னால் வந்தவன் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினான்.

"எட்வர்ட் சார்! ஜாக்கெட்டைப் பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சுது! டூரிங்கா, குரூஸரா, எது சார் எடுத்தீங்க?"

தமிழ்ச்செல்வனின் கண் மெல்ல இறங்கி ஸ்கூட்டரில் வந்து நின்றது. பிறகு முன்னால் இருந்தவளைப் பார்த்தது. அவன் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு ஒரே ஒரு நாள் சாரை எங்களோட அனுப்புங்களேன். பாவம், எவ்வளவு ஆசை அவருக்கு! இதோ இந்த வண்டியை சாரே ஓட்டட்டும். ரோடு காலி. நூத்தி இருபதுல பறக்கலாம்."

'பறக்கலாம்' என்றதும் எட்வர்ட் பின்கம்பியை விட்டு, இரண்டு கையாலும் தோள்பையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அனுப்பணும்னு ஆசைதான் தம்பி," என்றாள் ஜெயசுந்தரி.

தோள்பை பலமாக இழுபட்டது. அவள் பாதி திரும்பி, ஹெல்மெட்டுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஏங்க, அந்த ஃபிரிட்ஜ், ஒரு கதவா, ரெண்டு கதவா?"

"ரெண்டு!" என்றது ஹெல்மெட், மூச்சு விடாமல்.

"எப்ப?"

"சர்ச் முடிஞ்சதும்! இன்னைக்கே!"

ஜெயசுந்தரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"நான் விட மாட்டேன் தம்பி."